வெட்டாத மரத்துக்கு எப்படிக் கணக்கு எழுதுவது? ‘ரெட் பிளஸ்’ பற்றி எளிமையாக

தென் அமெரிக்க நாடான கயானா தன் காட்டை ஓர் எண்ணெய் கம்பெனிக்கு விற்றுவிட்டது என்று ஒருவர் சொல்வார். மரம் நடுவதற்காக நார்வே பிரேசிலுக்குக் கோடிக்கணக்கில் கொட்டுகிறது என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் தவறு. கயானா தன் நிலத்தில் ஓர் அடியைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை. பிரேசிலுக்குப் போன பணத்துக்கும் நட்ட கன்றுகளுக்கும் சம்பந்தம் கிடையாது. வெட்டப்படாமல் நின்ற காட்டுக்காகக் கொடுத்த பணம் அது.

நடக்காத ஒன்றுக்கு எப்படி பில் போடுவது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால், வளரும் நாடுகளின் காட்டுக் கொள்கையையும் காலநிலை ஒப்பந்தங்களையும் பற்றி வரும் செய்திகளில் பாதி புரிந்துவிடும்.

மின் மீட்டரில் இருந்து தொடங்குவோம்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு மின்சார ரீடிங் எடுக்க வருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் போன் போட்டு ஒரு ஏற்பாடு சொல்கிறார்: “கடந்த மூன்று வருஷச் சராசரி 500 யூனிட். அதற்குக் கீழே எவ்வளவு குறைக்கிறாயோ, யூனிட்டுக்கு 5 ரூபாய் நான் தருகிறேன்.” இந்த முறை 420 யூனிட் ஓடியிருக்கிறது. 80 யூனிட் மிச்சம், 400 ரூபாய் வரவு.

ரெட் பிளஸ் என்பது இந்த ஏற்பாடுதான். யூனிட்டுக்குப் பதில், காடு அழிந்தால் வெளியேறும் கரியமில வாயுவின் டன்; வீட்டுக்குப் பதில் நாடு.

இதில் எங்கெல்லாம் ஓட்டை விழும் என்று பாருங்கள். அந்த மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் வீட்டில் கல்யாணம் நடந்தது. சீரியல் விளக்கும் பந்தல் விளக்குமாக எரிந்ததில் சராசரியே எகிறி நிற்கிறது. அல்லது, பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், அவன் அறை ஏசி எப்படியும் ஓடியிருக்காது; மிச்சம் உண்மைதான், ஆனால் அண்ணன் பணத்தால் வந்த மிச்சம் அல்ல. அல்லது, துணி தேய்ப்பதையும் மாவாட்டுவதையும் பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மாற்றிவிட்டோம். இங்கே குறைந்தது அங்கே கூடுகிறது. அல்லது, மீட்டரே மெதுவாகத்தான் ஓடுகிறது.

காட்டுக் கணக்கிலும் இதே ஓட்டைகள் உண்டு, பெயர்கள்தான் வேறு. சராசரி என்று முதலில் எழுதிவைக்கும் எண்ணுக்கு ஒப்பீட்டு அளவு என்று பெயர். ‘இந்தப் பணம் வராவிட்டால் இந்தப் பலனும் வந்திருக்காது’ என்று காட்ட முடிவது கூடுதல் பயன். ஓர் இடத்தில் நின்ற வெட்டு இன்னோர் இடத்துக்கு நகர்வது கசிவு. அளந்து, அறிக்கை கொடுத்து, வெளியார் ஒருவர் சரிபார்க்கும் வேலை முழுவதையும் சேர்த்து அளவீட்டு முறை என்போம்.

ஓர் இடத்தில் மட்டும் மீட்டர் உவமை கைகொடுக்காது. மிச்சப்படுத்திய மின்சாரம் மிச்சம்தான், அதை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. காப்பாற்றிய காடோ, பணம் வாங்கிய அடுத்த கோடையில் எரிந்து போகலாம். இதை நிலைப்புச் சிக்கல் என்பார்கள். இதற்காகவே பல திட்டங்களில் கிடைத்த கிரெடிட்டில் (ஒரு டன் குறைப்புக்கு ஒன்று என்று தரும், விற்கக்கூடிய சீட்டு) ஒரு பங்கை விற்காமல் பொதுக் காப்புக் கணக்கில் ஒதுக்கி வைக்கிறார்கள். எங்காவது தீ விழுந்தால் அதில் இருந்து கழிப்பார்கள்.

பெயரும் பிறப்பும்

1997இல் வந்த கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ், வளரும் நாடுகளில் மரம் நடும் திட்டங்களுக்குக் கிரெடிட் கிடைக்க வழி இருந்தது. இருக்கும் காட்டை வெட்டாமல் காப்பதற்கு வழியே இல்லை. மொட்டைக்காட்டில் தைலமரம் நட்டால் காசு, நூறு வருஷக் காட்டை அப்படியே வைத்திருந்தால் ஒன்றுமில்லை என்ற நிலை. இதை மாற்றச் சொல்லி 2005இல் மாண்ட்ரியல் காலநிலை மாநாட்டில் பப்புவா நியூ கினியாவும் கோஸ்டா ரிக்காவும் பேச்சை எடுத்தன. 2007இல் பாலியில் அது நிகழ்ச்சி நிரலில் ஏறியது, 2010இல் கான்கூனில் வடிவம் பெற்றது, 2013இல் வார்சாவில் விதிகள் முழுமையாயின. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவில் இடமும் கிடைத்தது.

ரெட் என்பது காடழிப்பாலும் காட்டுச் சிதைவாலும் வெளியேறும் கரியமில வாயுவைக் குறைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். காடழிப்பு என்றால் காடாக இருந்த நிலம் மேய்ச்சலாகவோ சோயா வயலாகவோ சுரங்கமாகவோ மாறிவிடுவது. காட்டுச் சிதைவு என்றால் காடு காடாகவே இருக்கிறது, ஆனால் பெரிய மரங்கள் போய் உள்ளே மெலிந்துவிட்டது. பின்னால் ஒட்டியிருக்கும் ‘பிளஸ்’ என்பது காட்டைப் பேணுவது, அளவோடு பயன்படுத்துவது, கார்பன் இருப்பைக் கூட்டுவது ஆகிய மூன்றும்.

பணம் கேட்க விரும்பும் நாடு நான்கு பொருள்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது கான்கூன் முடிவு: ஒரு தேசியத் திட்டம், ஓர் ஒப்பீட்டு அளவு, காட்டைக் கண்காணிக்கும் முறை, மக்களுக்கும் பல்லுயிருக்கும் கேடு வராமல் பார்க்கும் காப்பு விதிகள் எப்படிப் பின்பற்றப்படுகின்றன என்று தகவல் தரும் ஏற்பாடு.

*இதுவரை:* கடந்த கால வெட்டை வைத்து ஓர் எண் எழுதுகிறோம். இப்போது நடக்கும் வெட்டை அளக்கிறோம். இடைவெளிக்குப் பணம்.

டன் எங்கிருந்து வருகிறது

காட்டைத் தராசில் வைக்க முடியாது. அதனால் இரண்டு எண்களைப் பெருக்குகிறார்கள்: எத்தனை ஹெக்டேர் போயிற்று, ஒரு ஹெக்டேரில் எவ்வளவு கார்பன் இருந்தது.

முதல் எண் செயற்கைக்கோள் படத்தில் இருந்து வருகிறது. இரண்டாவதுக்கு ஆட்கள் காட்டுக்குள் நடக்க வேண்டும். ஆங்காங்கே மாதிரித் துண்டுகளைக் குறித்து, ஒவ்வொரு மரத்தையும் தரையில் இருந்து 1.3 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நெஞ்சு மட்டத்தில், நாடா சுற்றி அளக்கிறார்கள். அடிமரம் பலகை போல விரிந்திருந்தால் அந்த விரிவு முடியும் இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். கீழேயே சுற்றிவிட்டால் மரம் இருப்பதைவிடப் பெருத்துத் தெரியும். சுற்றளவில் இருந்து விட்டம், விட்டத்தோடு மரத்தின் அடர்த்தி, முடிந்தால் உயரம் ஆகியவற்றைச் சூத்திரத்தில் போட்டால் உலர் எடை கிடைக்கும். வேருக்குத் தனியாக ஒரு விகிதம் சேர்க்கிறார்கள். உலர் எடையில் ஏறக்குறைய 47% கார்பன். ஒரு டன் கார்பன் எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு. 12 எடையுள்ள கார்பன் அணு ஆக்சிஜனோடு சேர்ந்து 44 ஆகிறது, 44ஐ 12ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 3.67.

கார்பனையும் கரியமில வாயுவையும் குழப்பிக்கொள்வது இந்தத் துறையின் தீராத வியாதி. அறிக்கையில் டன் என்று பார்த்தால் எந்த டன் என்று முதலில் பாருங்கள். தவறாகப் படித்தால் கணக்கு கிட்டத்தட்ட நான்கு மடங்கு பிசகும்.

ஒரு நிஜக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமேசான் காட்டின் அழிவைக் குறைத்ததற்கு நார்வே போன்ற நாடுகள் தரும் பணத்தை வாங்க, பிரேசில் 2008இல் அமேசான் நிதியைத் தொடங்கியது. அதை நடத்துவது அந்நாட்டின் தேசிய வளர்ச்சி வங்கி. முதல் ஒப்பீட்டு அளவு 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுச் சராசரி: ஆண்டுக்கு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். 2006இல் அழிந்தது ஏறக்குறைய 14,000. இடைவெளி 5,500 சதுர கிலோமீட்டர், அதாவது 5.5 லட்சம் ஹெக்டேர். ஹெக்டேருக்கு 100 டன் கார்பன் என்று வைத்தால் 5.5 கோடி டன் கார்பன். 3.67ஆல் பெருக்கினால் சுமார் 20 கோடி டன் கரியமில வாயு. டன்னுக்கு 5 டாலர் வீதம் 100 கோடி டாலர்.

இது அந்த ஆண்டின் பலனுக்காக நிதி திரட்டக்கூடிய உச்சவரம்புதான். கைக்கு வருவது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. 100 டன் என்பதும் வேண்டுமென்றே குறைத்து வைத்த எண். அமேசான் காட்டின் பல பகுதிகளில் அதைவிடக் கூடுதலாகவே கார்பன் இருக்கிறது. ‘ஊதிப் பெருக்கினார்கள்’ என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகத் தாழ்த்தி எழுதினார்கள். நல்ல பழக்கம், எல்லாரும் பின்பற்றுவதில்லை.

சண்டை எல்லாம் அந்த முதல் எண்ணில்தான்

அளப்பதில் பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம். ஒப்பீட்டு அளவோ, நடக்காத ஒரு எதிர்காலத்தைப் பற்றிய ஊகம். அதை அதிகமாக எழுதினால் ஒன்றுமே செய்யாமல் பணம் வரும். குறைத்து எழுதினால் உழைத்தும் பணம் வராது.

கயானாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெரும்பகுதி காடு, சுமார் 1.8 கோடி ஹெக்டேர். 2009க்கு முந்தைய ஆண்டுகளில் அழிந்தது வருஷத்துக்கு ஏறக்குறைய 0.03% மட்டும். பழைய சராசரியை வைத்தால் இவர்களுக்கு நயா பைசா கிடைக்காது. ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனை. மீட்டர் கதையில், காலம் முழுவதும் சிக்கனமாக இருந்த வீடு இது. 2009இல் 25 கோடி டாலர் வரை தருவதாக நார்வே ஒப்பந்தம் போட்டபோது இதற்கு ஒரு வழி தேடினார்கள். கயானாவின் 0.03%ஐயும் வளரும் நாடுகளின் சராசரியான 0.52%ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 0.275% என்று நிர்ணயித்தார்கள். கூடவே ஒரு கடிவாளம்: உண்மையான அழிவு 0.056%ஐத் தாண்டினால் பணம் குறையத் தொடங்கும், 0.1%ஐத் தொட்டால் நின்றுவிடும்.

இது அறிவியலா, பேரமா? பேரம்தான். ஆனால் வெளிப்படையான பேரம், எண்களும் காரணமும் எழுத்தில் இருந்தன.

முழு நாட்டையும் அல்லாமல் ஒரு காட்டுத் துண்டை மட்டும் வைத்துக் கிரெடிட் விற்கும் தனியார் திட்டங்களில் நிலைமை வேறு. அங்கே திட்டக்காரரே தன் காட்டைப் போன்ற ஒரு ‘ஒப்பீட்டு வட்டாரத்தை’ அருகில் தேர்ந்தெடுத்து, அங்கே நடந்த அழிவு இங்கேயும் நடந்திருக்கும் என்று காட்டுவார். சாலையோரமாக, சந்தைக்குப் பக்கமாக ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தால் அழிவு தானாகவே அதிகமாகத் தெரியும். இவர் காடோ மலைச்சரிவில், யாரும் எட்டாத இடத்தில் இருக்கும். 2023இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆறு நாடுகளில் 26 திட்டங்களை எடுத்து, உண்மையிலேயே ஒத்த நிலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. 2020 வரை உருவாகியிருக்கக்கூடிய 8.9 கோடி கிரெடிட்டில் சுமார் 6%க்குத்தான் கூடுதல் பயன் இருந்தது.

அந்த ஆய்வைக் காட்டி ‘காட்டு நிதி எல்லாமே மோசடி’ என்று பேசுவதும் தவறு. அது அளந்தது தனித்தனித் திட்டங்களை. முழு நாட்டையும் அளக்கும் கணக்கில் வட்டாரத்தைப் பொறுக்கி எடுக்கும் வித்தை செல்லாது. நாட்டுக்குள் நடக்கும் கசிவும் தானாகவே கணக்கில் விழுந்துவிடும்.

*இதுவரை:* டன் என்பது பரப்பும் கார்பனும் பெருகி வரும் எண். பணமோ ஒப்பீட்டு அளவைப் பொறுத்தது. அந்த அளவை யார், எந்த வருஷங்களை வைத்து, எந்த நிலப்பரப்புக்கு எழுதினார்கள் என்பதைப் பார்க்காமல் எந்தக் காட்டு நிதிச் செய்தியையும் நம்ப வேண்டாம்.

நன்கொடையா, கிரெடிட்டா?

அதிகம் குழம்புவது இங்கேதான். பணம் இரண்டு வழியில் வரலாம்.

ஒன்று, பலனுக்கான கொடை. பிரேசிலின் அமேசான் நிதி இந்த வகை. பணம் கொடுத்தவருக்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். இன்ன பலனுக்கு இவ்வளவு கொடுத்தார் என்று அதில் இருக்கும். அதை விற்கவோ மாற்றவோ முடியாது. நார்வே அதைக் காட்டித் தன் ஊர்ப் புகையைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. உலக வங்கியின் நிதி 2021இல் மொசாம்பிக்குக்கு 12.8 லட்சம் டன்னுக்கு 64 லட்சம் டாலர் கொடுத்தது, டன்னுக்கு அதே 5 டாலர் கணக்கில்தான்.

இன்னொன்று கார்பன் கிரெடிட்: ஒரு டன் குறைப்புக்கு ஒரு சீட்டு, வாங்கலாம், விற்கலாம். வாங்கியவர் தன் புகைக்கு ஈடாக அதைக் காட்டலாம். 2022 டிசம்பரில் கயானாவுக்கு 2016 முதல் 2020 வரையான ஆண்டுகளுக்கு 3.3 கோடிக்கும் மேற்பட்ட கிரெடிட்டுகள் கிடைத்தன. அதே மாதம் ஹெஸ் என்ற எண்ணெய் நிறுவனம் 2032 வரை 3.75 கோடி கிரெடிட்டுகளைக் குறைந்தது 75 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. கயானா கடலில் எண்ணெய் எடுக்கும் கூட்டணியில் பங்கு வைத்திருந்த நிறுவனம் அது. ‘காட்டை விற்றுவிட்டார்கள்’ என்ற பேச்சு இங்கிருந்து கிளம்பியதுதான். விற்றது சீட்டை, நிலத்தை அல்ல. ஆனால் அந்தச் சீட்டு எதற்கு ஈடாகக் காட்டப்படுகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி.

கிரெடிட் வழியில் இரட்டைக் கணக்கு என்ற தொல்லையும் உண்டு. ஒரே டன் குறைப்பை விற்ற நாடும் ‘என் சாதனை’ என்று எழுதி, வாங்கியவரும் ‘என் ஈடு’ என்று எழுதினால் வானத்தில் உண்மையில் குறைவது ஒரு டன், ஏட்டில் இரண்டு.

பணம் வருமுன்பே சரிந்த கோடு

நிதியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். காட்டைக் காப்பாற்றியது நிதிதானா?

பிரேசில் அமேசானில் 2004இல் 27,772 சதுர கிலோமீட்டர் அழிந்தது. 2012இல் 4,571. இந்தச் சரிவின் பெரும்பங்கு அமேசான் நிதி காசு கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. செய்தது உள்நாட்டு நிர்வாகம். 2004இல் ஒரு செயல்திட்டம் வந்தது. அதே ஆண்டு, ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் வெட்டு நடக்கும்போதே எச்சரிக்கும் செயற்கைக்கோள் முறையும் வந்தது. அழிவு மிகுந்த 36 நகராட்சி வட்டாரங்களை 2008இல் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். அதே ஆண்டு ஜூலை முதல், நில ஆவணமும் சுற்றுச்சூழல் விதிகளைப் பின்பற்றிய அத்தாட்சியும் இல்லாதவர்களுக்கு அமேசான் பகுதியில் விவசாயக் கடன் கொடுக்கக்கூடாது என்று மத்திய வங்கி விதித்தது. 2006இலேயே, புதிதாக அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்க மாட்டோம் என்று வணிகர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

மாட்டுப் பண்ணைக்காரரைத் திருத்தியது நார்வே தலைநகர் ஆஸ்லோவில் இருந்து வந்த டாலரை விட உள்ளூர் வங்கி மேலாளர் நீட்டிய படிவம்தான் என்பது என் கணிப்பு.

வெட்டுபவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்த எச்சரிக்கை முறை தொடக்கத்தில் 25 ஹெக்டேருக்கு மேற்பட்ட வெட்டைத்தான் பிடித்தது. அதைவிடச் சின்னத் துண்டுகளாக வெட்டக் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் கூர்மையான படங்களுக்கு மாற வேண்டியிருந்தது. நிர்வாகம் தளர்ந்தால் கோடு திரும்பவும் ஏறும் என்பதும் தெரிந்தது: 2019இல் நிதியின் குழுக்கள் கலைக்கப்பட்டன, நார்வேயும் ஜெர்மனியும் பணத்தை நிறுத்தின, 2021இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2023 ஜனவரியில் நிதி மீண்டும் திறந்தது. 2024இல் அழிவு 6,300க்குக் கீழே வந்தது.

இந்தோனேசியாவில் வேறு பாடம். 2010இல் நார்வே 100 கோடி டாலர் வரை தருவதாகச் சொன்னது. 2011இல் ஆதிக்காடுகளிலும் பீட் நிலங்களிலும் புது உரிமம் தருவதை அரசு நிறுத்தியது. பீட் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் சேர்ந்த செடிகொடிகளால் ஆன சதுப்பு மண். பாமாயில் தோட்டத்துக்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் காய்ந்து, தரைக்கு அடியிலேயே வாரக்கணக்கில் புகைந்து எரியும். தடையின் ஓட்டை ‘புது’ என்ற சொல்லில் இருந்தது. ஏற்கெனவே கொடுத்த உரிமங்களைத் தடை தொடவில்லை. ஒருமுறை வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்த காடுகளும் அதில் வரவில்லை. 2015 தீயில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. தடை 2019இல் நிரந்தரமானது. 2016–17 பலனுக்குரிய 5.6 கோடி டாலர் வந்து சேரவில்லை என்று 2021இல் இந்தோனேசியா ஒப்பந்தத்தையே முறித்தது. அடுத்த ஆண்டு புது ஒப்பந்தம் போட்டார்கள்.

காடு என்றால் எது?

மீட்டரே மெதுவாக ஓடும் கதை இது. உலக உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கில், அரை ஹெக்டேருக்கு மேல், 10%க்கு மேல் மரநிழல், 5 மீட்டர் உயரம் எட்டக்கூடிய மரங்கள் இருந்தால் காடு. பழத்தோட்டமும் எண்ணெய்ப்பனையும் சேராது, ரப்பர் தோட்டம் சேரும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேல், 10%க்கு மேல் நிழல் இருந்தால் போதும். யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லை. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் உள்ளே வந்துவிடும். 2023 அறிக்கையின் 21.76% வனப்பரப்பு இப்படி எண்ணியதுதான். ஓரிடத்தில் சோலைக்காடு போய், இன்னோரிடத்தில் தோப்பு வந்தால் மொத்த எண் அசையாது. இயற்கைக் காட்டைத் தோட்டமாக மாற்றக்கூடாது என்று கான்கூன் காப்பு விதி சொல்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதும் ஏட்டில் அந்த மாற்றம் கண்ணிலேயே படாது.

காட்டில் இருப்பவர்கள்

டன்னுக்குச் சொந்தக்காரர் யார் என்று பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் தெளிவு இல்லை. நிலமே யாருடையது என்பதில் தகராறு இருக்கும்போது அதன் கார்பன் யாருடையது? இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம், மரபுவழிச் சமூகங்களின் காடுகள் அரசுக் காடுகள் ஆகா என்று 2013இல்தான் தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் 2006 வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. கார்பன் பற்றி அதில் பேச்சு இல்லை.

முன்கூட்டிய ஒப்புதல் என்ற விதி இங்கே முக்கியம்: கையெழுத்துக்கு முன்னால், மிரட்டல் இல்லாமல், முழு விவரமும் அவர்கள் மொழியிலேயே சொல்லி ஊர்ச்சம்மதம் வாங்குவது. கயானா கிரெடிட் வருமானத்தில் குறைந்தது 15%ஐப் பழங்குடிக் கிராமங்களுக்குத் தருகிறது, ஒவ்வொரு கிராமமும் தன் திட்டத்தைத் தானே எழுதுகிறது. இருந்தாலும் தங்களிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்று அங்குள்ள ஒரு பழங்குடியினர் சங்கம் புகார் கொடுத்தது. பங்கு கொடுப்பது வேறு, முன்கூட்டியே கேட்பது வேறு.

மிச்சத்துக்கு அல்ல, இருப்புக்கு

2025 நவம்பரில் பெலேம் காலநிலை மாநாட்டையொட்டி பிரேசில் தொடங்கிவைத்த வெப்பமண்டலக் காட்டு நிதி, மீட்டர் கணக்கையே கைவிடப் பார்க்கிறது. ஒப்பீட்டு அளவு கிடையாது, டன்னும் கிடையாது. நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 4 டாலர். அழிந்த ஒவ்வொரு ஹெக்டேருக்கும் குறைந்தது 100 ஹெக்டேருக்கான தொகை கழிக்கப்படும். வரும் பணத்தில் 20%ஆவது பழங்குடிகளுக்கும் காட்டுச் சமூகங்களுக்கும் போக வேண்டும். பணம் வருவதும் நன்கொடையாக அல்ல: குறைந்த வட்டிக்குக் கடன் திரட்டி, கூடுதல் வட்டி தரும் பத்திரங்களில் போட்டு, இடைவெளியில் கிடைப்பதைக் காட்டு நாடுகளுக்குத் தருவதாக ஏற்பாடு. சந்தை சரிந்தால் அந்த இடைவெளியும் சுருங்கும்.

கயானா போன்ற சிக்கனக்கார வீட்டுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. ஆனால் எது காடு என்ற கேள்வி இதிலும் விடவில்லை. 20 முதல் 30% மரநிழல் இருந்தால்தான் கணக்கில் சேரும் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டியலில் 10%க்கே காடாகிவிடும் நிலங்கள் பல இங்கே வாசலிலேயே நின்றுவிடும்.